ஆறு மணி நேரமா, இரண்டரை மணி நேரமா? கொரியாவுக்குப் புகழ்மாலை சூட்டுகிறவர்களுக்கு

சுவோன் சுப்பு:
சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் யூட்யூபில் தென்கொரியாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறார். நாலு பேர் அதை எனக்கே அனுப்பி, "நீங்க குடுத்து வெச்சவர் அண்ணா" என்கிறார்கள். அவர் சொல்வதன் சாரம்: 2024 டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் சுக்-யோல் ராணுவச் சட்டம் போட்டார், மக்கள் திரண்டார்கள், நாடாளுமன்றம் அதைத் தூக்கி எறிந்தது, ஊடகங்கள் விடிய விடிய உண்மையைச் சொல்லின, ஆகவே ஆசியாவிலேயே முதிர்ந்த ஜனநாயகம் இதுதான்.

ஐயா, இங்கே வந்து குடியிருந்து பாருங்கள். ஆறு மணி நேரம் ராணுவச் சட்டத்தின் கீழ் கிடந்த நாடு இது. பக்கத்துப் பேட்டையில் ஒரு பெரியவர் காணாமல் போனால் கைப்பேசிக்குச் செய்தி வரும். குளிர் கூடினால் வரும், வெயில் கூடினால் வரும். தெருவில் ராணுவம் இறங்கிய அன்றைக்கு ஒரு வரி வரவில்லை. மதுரையிலிருந்து மைத்துனர் கூப்பிட்டு "அங்கே என்னப்பா நடக்குது" என்று கேட்ட பிறகுதான் எனக்கே விஷயம் தெரியும்.

அப்புறம் ஊடகம். அரசு ஒளிபரப்பு கே.பி.எஸ். இருக்கிறதே, 2024 பிப்ரவரியில் அதிபரைப் பேட்டி கண்டார்கள். அதிபரின் மனைவி வாங்கிக்கொண்ட டியோர் கைப்பையைப் பற்றிக் கேட்க வேண்டிய இடத்தில், ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் சின்னப் பை என்று பேட்டியாளர் பூசி மெழுகினார். அதே வருடம் டிசம்பரில் அவர்தான் கே.பி.எஸ். தலைவர். இதற்கு மாதம் 2,500 வோன் கட்டணம், மின் கட்டணத்தோடு சேர்த்து. 2023இல் பிரித்தார்கள், 2025இல் மறுபடி சேர்க்கச் சட்டம் போட்டார்கள். எங்கள் வீட்டில் டிவியே கிடையாது. அதை நிரூபிக்க நான் போன் போட்டு மன்றாட வேண்டும்.

சமூகத்தைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். அது பெரிய கதை.

தேஜோன் கதிர்:
சுப்பு அண்ணா, ஒரு சின்னத் திருத்தம். ஆறு மணி நேரம் இல்லை. அறிவிப்பு இரவு 10:27 வாக்கில். நாடாளுமன்றம் 190–0 என்று ரத்துத் தீர்மானம் போட்டது அதிகாலை 1:01. ஆக இரண்டரை மணி நேரம். எழுதுவதற்கு முன் இதையாவது சரிபார்த்திருக்கலாம்.

சுவோன் சுப்பு:
நான் இத்தனை எழுதியிருக்கிறேன், தம்பிக்குக் கண்ணில் பட்டது கடிகாரம் மட்டும்தானா? சரி, கடிகாரத்துக்கே வருவோம். யூன் தொலைக்காட்சியில் வந்து "விலக்கிக்கொள்கிறேன்" என்று சொன்னது கிட்டத்தட்ட 4:27. அமைச்சரவை கூடி முடித்தது 4:30. பத்தரையிலிருந்து நாலரை வரை எத்தனை மணி? விரல் விட்டு எண்ணுங்கள்.

தேஜோன் கதிர்:
அரசியல் சட்டத்தின் 77ஆவது பிரிவைப் படியுங்கள். நாடாளுமன்றத்தின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் கேட்டால் அதிபர் விலக்கியே ஆக வேண்டும். அவருக்கு வேறு வழியே கிடையாது. தீர்மானம் நிறைவேறியதுமே "இனி இது செல்லாது" என்று அவைத்தலைவர் ஊ வோன்-ஷிக் சொல்லிவிட்டார். வேலியேறிக் குதித்து உள்ளே போன மனிதர், அப்போது அவருக்கு வயது 67. அவர் பேச்சை விட உங்கள் விரல் பெரிதா? இரண்டரை மணி நேரம்.

சுவோன் சுப்பு:
"விலக்க வேண்டும்" என்று இருக்கிறது, "தானாக விலகிவிடும்" என்று இல்லையே! ஒருவர் விலக்க வேண்டும், அவர் விலக்கவில்லை, மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்த மூன்றரை மணி நேரம்தான் எனக்கு வயிற்றைக் கலக்கிய நேரம். இரண்டாவது தடவை போடுவாரா என்று யாருக்கும் தெரியாது. உங்கள் கணக்கில் அந்த நேரம் எங்கே போயிற்று?

இன்னொன்று. டிசம்பர் 12ஆம் தேதி யூன் பேசிய பேச்சு ஞாபகம் இருக்கிறதா? இரண்டு மணி நேரக் கலகம் என்று உலகத்தில் ஒன்று உண்டா என்று கேட்டார். அவரும் கதிர் மாதிரியே குறைத்துத்தான் எண்ணினார். வாழ்த்துகள்.

தேஜோன் கதிர்:
என்னை யூன் ஆள் என்கிறீர்களா? இதை நான் சும்மா விட மாட்டேன். நான் நிரந்தர வசிப்புரிமை, எஃப்-5 விசா வைத்திருக்கிறவன். 2022 ஜூன் 1 உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டவன். யாருக்குப் போட்டேன் என்று உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் இத்தனை வருடமாக இ-7 வேலை விசாவிலேயே இருந்துகொண்டு, கொரிய மொழியில் ஒரு நாளிதழ் தலைப்பைக் கூட யாரையாவது கேட்டுத்தான் படிக்கிறீர்கள். ஊடக விமர்சனம் வேறு!

பூசான் மருமகள்:
இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். ஊடகம் என்றால் உங்களுக்கு கே.பி.எஸ்.தானா? எங்கள் வீட்டில் அதை யாரும் பார்ப்பதில்லை. மாமியாருக்கு யூட்யூப், காக்காவோ அரட்டைச் செயலியில் தோழிகள் அனுப்பும் துண்டு வீடியோக்கள். 2024 ஏப்ரல் தேர்தலே மோசடி, சீனாக்காரன் உள்ளே புகுந்துவிட்டான், யூன் நாட்டைக் காப்பாற்றத்தான் ராணுவத்தை இறக்கினார். இதுதான் அவருக்கு வேதவாக்கு. நாத்தனார், நாடாளுமன்றம் இருக்கும் யோயிடோவில் யூனுக்கு எதிராக நடந்த போராட்டத்துக்குத் தன் அபிமானப் பாட்டுக் குழுவின் ஒளிக்கோலைத் தூக்கிக்கொண்டு போனவள். முன்பின் தெரியாத யாரோ முன்பணம் கட்டி வைத்த காப்பியைக் கடையில் வாங்கிக் குடித்துவிட்டு, "அண்ணி, ஊரே நல்ல ஊர்" என்று குறுஞ்செய்தி போட்டாள்.

2025 ஜனவரியில் சொல்லால் என்கிற கொரியப் புத்தாண்டுக்கு இரண்டு பேரும் ஒரே அடுக்களையில். மாமியார் மாவிலும் முட்டையிலும் தோய்த்த மீன் துண்டுகளைப் பொரித்துப் பொரித்து என் தட்டில் போடுகிறார், பேச்சில்லை. நாத்தனார் எண்ணெயை ஒற்றியெடுத்து அடுக்குகிறாள், பேச்சில்லை. அதற்குப் பத்து நாள் முன்னால்தான் சியோல் மேற்கு மாவட்ட நீதிமன்றத்துக்குள் யூன் ஆதரவாளர் கூட்டம் புகுந்து கண்ணாடியை எல்லாம் உடைத்திருந்தது. யார் வாயைத் திறந்தாலும் எண்ணெய்ச் சட்டி பறக்கும். நான் மட்டும் "உப்பு சரியா இருக்கா" என்று கேட்டேன். முதிர்ந்த ஜனநாயகம் என்று அந்த யூட்யூப்காரர் சொன்னாராமே, அவரை அடுத்த பண்டிகைக்கு எங்கள் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.

நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், ராணுவத் தளபதியின் முதல் ஆணை நடைமுறைக்கு வந்தது 11 மணிக்கு. அப்படிப் பார்த்தால் ஐந்தரை மணி நேரம்.

சுவோன் சுப்பு:
ஐந்தரையா! அம்மா தாயே, புதுசாக ஒரு எண்ணை இறக்காதீர்கள். ஆணை வேறு, பிரகடனம் வேறு. ஆனால் அந்த ஆணையை ஞாபகப்படுத்தியதற்கு நன்றி. எல்லா அரசியல் நடவடிக்கையும் தடை, எல்லா ஊடகமும் ராணுவக் கட்டுப்பாட்டில், வேலைநிறுத்தம் செய்யும் மருத்துவர்கள் 48 மணி நேரத்தில் திரும்பாவிட்டால் ராணுவச் சட்டப்படி தண்டிக்கப்படுவார்கள். இதெல்லாம் எழுத்தில் இருந்தது. எம்.பி.சி. டிவிக்கும் ஹங்க்யோரே நாளிதழுக்கும் மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கத் திட்டம் இருந்ததாக அரசுத் தரப்புக் குற்றப்பத்திரிகையே சொல்கிறது. இதெல்லாம் கதிர் கணக்கில் இரண்டரை மணி நேர விளையாட்டு.

தேஜோன் கதிர்:
நான் விளையாட்டு என்று சொல்லவே இல்லை. என் வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள். 1:01க்கு முடிந்தது என்றேன். 2025 ஏப்ரல் 4 தீர்ப்பைப் படித்தீர்களா? அரசியல் சட்ட நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் யூனை ஒருமனதாகப் பதவி நீக்கினார்கள். அதில், நாடாளுமன்றம் சீக்கிரம் தீர்மானம் போட முடிந்ததற்குக் குடிமக்களின் எதிர்ப்பும், ராணுவமும் காவல்துறையும் அரைமனதாகச் செயல்பட்டதும்தான் காரணம் என்று தெளிவாக இருக்கிறது. "சீக்கிரம்". ஆறு மணி நேரத்தை யாராவது சீக்கிரம் என்பார்களா?

சுவோன் சுப்பு:
தீர்மானம் சீக்கிரம் என்றுதான் தீர்ப்பு சொல்கிறது. விலக்கியது சீக்கிரம் என்றா சொல்கிறது? கொரிய மொழித் தேர்வில் ஆறாம் நிலை வாங்கியவர் படித்த லட்சணம் இதுதானா?

நம் ஊர்க்காரர்கள் இதைப் போய்ப் புகழ்கிறார்களே என்பதுதான் என் வயிற்றெரிச்சல். முன்னாள் அதிபர்களைப் பாருங்கள்: பார்க் குன்-ஹே 2017இல் பதவி நீக்கம், பிறகு சிறை, 2021 டிசம்பரில் பொதுமன்னிப்பு. லீ மியோங்-பாக் சிறை, 2022 டிசம்பரில் பொதுமன்னிப்பு. குவாங்ஜூவில் மக்களைச் சுட்ட சுன் டூ-ஹ்வானுக்கே மரண தண்டனை ஆயுளாகக் குறைந்து, 1997 டிசம்பரில் பொதுமன்னிப்பு. எல்லாம் டிசம்பரில்தான். யூனுக்கு எந்த டிசம்பர் என்று நான் இப்போதே பந்தயம் கட்டத் தயார்.

ஊடகத்துக்கு இன்னொரு உதாரணம். 2014 ஏப்ரல் 16, செவோல் கப்பல் சாய்ந்துகொண்டிருக்கும்போதே மாணவர்கள் அனைவரும் மீட்கப்பட்டார்கள் என்று டிவிகள் போட்டன. 304 பேர் போய்விட்டார்கள். அந்த ஊடகங்களைத்தான் சென்னைக்காரர் "விடிய விடிய உண்மை சொன்னார்கள்" என்கிறார்.

தேஜோன் கதிர்:
பார்க் குன்-ஹே விஷயத்தை வெளியே கொண்டுவந்ததும் ஊடகம்தான், 2016 அக்டோபரில் ஜே.டி.பி.சி. டிவி போட்ட, அவருடைய தோழியின் டேப்லட் பற்றிய செய்தி. அது மட்டும் உங்களுக்கு மறந்துவிடும். வசதியான மறதி. பொங்கல் விழாக் கணக்கிலும் இதே மறதி இருந்தது, இங்கே பல பேருக்குத் தெரியும்.

சுவோன் சுப்பு:
பொங்கல் கணக்கா? சரி, பேசுவோம். அரங்க வாடகையை என் கையிலிருந்து கட்டினேன். அந்த ரசீதைக் கேட்டவர்களில் நீங்கள் கட்ட வேண்டிய பங்கைக் கட்டாத ஒரே ஆள் நீங்கள்தான். பாயசம் மட்டும் இரண்டு தடவை.

மட்டுறுத்துநர்:
பொங்கல் கணக்கை இங்கே இழுக்க வேண்டாம். அதற்குத் தனி இழை இருக்கிறது, அதையும் மூடியாயிற்று.

மட்டுநகர் ரவி:
எல்லாருக்கும் வணக்கம். நான் கிம்ஹேயில் இ-9 தொழிலாளர் விசாவில் வேலை செய்யிற ஆள். நீங்கள் மணிக்கூட்டைப் பார்த்துச் சண்டை பிடிக்கிறீர்கள். அந்த இரவு எனக்கு இரவு வேலை. அச்சு இயந்திரம் பத்தரைக்கும் ஓடினது, ஒரு மணிக்கும் ஓடினது, நாலரைக்கும் ஓடினது. மேற்பார்வையாளர் போனைப் பார்த்துப் பார்த்து ஏசிக்கொண்டு நின்றவர். யாரை ஏசினவர் என்று எங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. அவசரகாலச் சட்டத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த எனக்கு ஆறும் ஒன்றுதான், இரண்டரையும் ஒன்றுதான்.

நாஜுவில் செங்கல் தொழிற்சாலையில் எங்கட நாட்டுப் பெடியனைச் செங்கல்லோடு சேர்த்துச் சுற்றிக் கட்டி, போர்க்லிப்ட்டில் தூக்கிச் சிரிச்ச வீடியோ 2025 ஜூலையில் வந்ததே, அதைப் பற்றி இங்கே ஒரு வரி இல்லை. வேலைத்தலம் மாறுவதென்றால் மூன்று வருசத்துக்கு மூன்று தடவைதான், அதுவும் சட்டம் சொல்லுற காரணம் இருந்தால். ஏசினவன், அடிச்சவன் என்று நிரூபிக்கிற வேலையும் எங்கட தலையில்தான். 2024 ஜூனில் ஹ்வாசோங் பேட்டரித் தொழிற்சாலை எரிஞ்சு செத்த 23 பேரில் 18 பேர் வெளிநாட்டவர். அதைப் பற்றியும் கதையுங்கோவன்.

சுவோன் சுப்பு:
ரவி தம்பி சொன்னதுதான் நான் முதலிலிருந்து சொல்வது! இதுதான் கொரிய சமூகம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொன்னால் நாறிவிடும். ஆனால் பெயர் சொல்ல மாட்டேன். இந்த நாட்டில் உண்மையைச் சொன்னாலும் அவதூறு, குற்றவியல் சட்டம் 307, இரண்டு வருடம் வரை சிறை. பொதுநலனுக்காகச் சொன்னேன் என்று நான்தான் நீதிமன்றத்தில் நின்று காட்ட வேண்டும். 2021 பிப்ரவரியில் அரசியல் சட்ட நீதிமன்றமே 5–4 என்று இதைச் சரி என்றது. ஊடகம் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று இப்போது புரிகிறதா? இந்தச் சமூகத்தில்தான் ஆறு மணி நேரம் ராணுவச் சட்டம் நடந்தது.

தேஜோன் கதிர்:
நாஜு விஷயத்தில் அதிபர் லீ ஜே-மியோங்கே வெளிப்படையாகக் கண்டித்தார். வீடியோ வெளிவந்த மறுநாளே. எந்த நாட்டு அதிபர் இப்படிச் செய்வார்? குறையை மட்டும் எண்ணுகிறவருக்கு அது தெரியாது. எண்ணுவதிலும் தப்பு. இரண்டரை.

மட்டுநகர் ரவி:
அதிபர் கண்டிச்சார், சரி. சட்டம் மாறினதா என்றுதான் கேட்கிறன்.

சுவோன் சுப்பு:
கதிர், "ஆறு" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்? உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் ஆறு மணி நேரம் என்றுதான் எழுதின.

தேஜோன் கதிர்:
ஊடகத்தை நம்பாதே என்று தொடங்கினவர் இப்போது பத்திரிகையைச் சாட்சிக்கு அழைக்கிறார். சபாஷ்.

சுவோன் சுப்பு:
கேலி செய்யுங்கள். டிசம்பர் 14 அன்று 204 ஓட்டில் பதவி நீக்கத் தீர்மானம் நிறைவேறியபோது யோயிடோவில் நான் நின்றேன். கால் விரல்கள் மரத்துப் போயின. பக்கத்தில் ஒரு பாட்டி சூடு பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தார். நீங்கள் எங்கே இருந்தீர்கள்? தேஜோனில், போர்வைக்குள், 77ஆவது பிரிவைப் படித்துக்கொண்டு.

தேஜோன் கதிர்:
அதைச் சொல்லவே வேண்டாம் என்று இருந்தேன், நீங்களே வாயைக் கொடுத்துவிட்டீர்கள். குடிவரவுச் சட்டம் 17ஆவது பிரிவு: இங்கே தங்கியிருக்கும் வெளிநாட்டவர் அரசியல் நடவடிக்கையில் ஈடுபடக் கூடாது, வேறு சட்டம் அனுமதித்தால் தவிர. இ-7இல் இருந்துகொண்டு யோயிடோவில் நின்றேன் என்று பொதுவெளியில் பெருமையாக எழுதுகிறீர்கள். உங்களால் இங்கிருக்கும் நம் பிள்ளைகள் எல்லோருக்கும் சிக்கல் வரும். விசா நீட்டிக்கப் போகும்போது தெரியும்.

பூசான் மருமகள்:
நின்று பார்ப்பது அரசியல் நடவடிக்கையா? எத்தனையோ வெளிநாட்டு மாணவர்கள் நின்றார்கள். கதிர், இப்படி விசாவைக் காட்டி மிரட்டுகிற பேச்சு நன்றாக இல்லை.

தேஜோன் கதிர்:
மிரட்டவில்லை அக்கா, சட்டத்தைச் சொன்னேன். சட்டத்தைச் சொன்னால் இங்கே எல்லோருக்கும் கோபம் வருகிறது.

சுவோன் சுப்பு:
பார்த்தீர்களா! இவர்தான் கொரிய சமூகத்தின் பிரதிநிதி. எஃப்-5 வாங்கிய நம் ஆட்கள் மற்றவர்களை விசாவால் அளக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்கள் பேரே இந்த ஊர்ப் படிவத்தில் முழுசாக ஏறாது! என் பெயரோடு அப்பா பெயரும் சேர்ந்தால் வங்கிக் கணினியில் பாதியில் வெட்டிவிடுகிறது. கைப்பேசிக் கணக்கில் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கிறது. வெளிநாட்டவர் பதிவு அட்டையில் முழுசாக இருக்கிறது. மூன்றும் பொருந்தாததால் அடையாளச் சரிபார்ப்பில் "அப்படி ஒருவர் இல்லை" என்று வருகிறது. ஒரு ரயில் டிக்கெட் எடுக்கக் கொரிய நண்பனைக் கெஞ்ச வேண்டும். 2021 மார்ச்சில் என்ன செய்தார்கள்? வெளிநாட்டுத் தொழிலாளர் அத்தனை பேரும் கொரோனா பரிசோதனை செய்தே ஆக வேண்டும் என்று சியோல் நகரமும் கியோங்கி மாகாணமும் ஆணை போட்டன. அதே அலுவலகத்தில் பக்கத்து மேஜைக் கொரியருக்குக் கிடையாது. தூதரகங்கள் கத்திய பிறகுதான் சியோல் பின்வாங்கியது. கதிரும் அந்த வரிசையில் நின்றவர்தானே?

தேஜோன் கதிர்:
நின்றேன். முடிவு எதிர்மறை என்று வந்தது. வீட்டுக்குப் போனேன். அதை வைத்து ஒரு நாட்டையே வசைபாடவில்லை. பிடிக்கவில்லை என்றால் இஞ்சியோனிலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது, நான் வேண்டுமானால் டிக்கெட் எடுத்துத் தருகிறேன். என் பெயர் படிவத்தில் ஏறுகிறது.

கயா ஆய்வாளன்:
கிம்ஹே என்ற பெயரைப் பார்த்ததும் வந்தேன். பழைய கயா நாடு அது. அந்த மண்ணில் மன்னர் சுரோவின் ராணியாக இருந்தவள் நம் தமிழ்ப்பெண் என்பதை இங்கே யாரும் சொல்லவில்லையே! சம்குக் யூசா என்ற பழைய கொரிய நூலில் அவள் ஊர் அயுதா என்று இருக்கிறது. அது கன்னியாகுமரிப் பக்கம். கொரியர்கள் நம் சொந்தக்காரர்கள். அவர்களைக் குறை சொல்வது தாய்மாமன் வீட்டைக் குறை சொல்வது போல.

சுவோன் சுப்பு:
இதுதான் பாக்கி இருந்தது. அந்த நூல் 13ஆம் நூற்றாண்டில் தொகுத்தது, ராணி வந்ததாகச் சொல்வது அதற்கு ஆயிரத்துச் சொச்சம் வருடம் முந்தி. அயோத்தியில் 2001இலேயே அவளுக்கு நினைவிடம் கட்டிவிட்டார்கள், அவர்களிடம் போய்ச் சண்டை போடுங்கள்.

மட்டுநகர் ரவி:
ராணியின் கல்லறை எங்கட தங்குமிடத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். ஞாயிற்றுக்கிழமையில் போய் இருந்திட்டு வாறனான். அவ எந்த விசாவில் வந்தவ என்று தெரிஞ்சால் சொல்லுங்கோ, இ-9இல் இல்லை என்று மட்டும் விளங்குது.

கயா ஆய்வாளன்:
கிண்டல் வேண்டாம். மன்னர் சுரோ கல்லறை வாயிலில் இரட்டை மீன் இருக்கிறது. மீன் யாருடைய சின்னம்? பாண்டியருடையது. இதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

பூசான் மருமகள்:
அயோத்தி இருக்கும் அவத் பக்கத்திலும் அந்த மீன் இருக்கிறதாம், அதனால்தான் அயோத்தி என்கிறார்கள். என் மாமியார் கிம்ஹே ஹோ குலம். இந்தியாவிலிருந்து வந்த ராணியின் வாரிசு என்று பெருமையாகச் சொல்வார். என்னைக் கல்யாணம் செய்ய மட்டும் இரண்டு வருடம் சம்மதிக்கவில்லை.

தேஜோன் கதிர்:
விஷயத்துக்கு வருவோம். சுப்பு இதுவரை 77ஆவது பிரிவுக்குப் பதில் சொல்லவில்லை. 1:01. இரண்டரை மணி நேரம். பதில் இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

சுவோன் சுப்பு:
பதில் மூன்று தடவை சொல்லியாயிற்று. 4:30. ஆறு. அந்த மூன்றரை மணி நேரம் சட்டப்படி இல்லை என்கிறீர்களே, அவ்வளவு நேரமும் யூன் எங்கே இருந்தார், யாரோடு இருந்தார்? கூட்டுப்படைத் தலைமையகத்துக்கே நேரில் போனார், தெரியுமா? ராணுவச் சட்டம் முடிந்துபோனது என்றால் நடுராத்திரியில் அங்கே அவருக்கு என்ன வேலை, டீ குடிக்கவா போனார்?

தேஜோன் கதிர்:
போனார் என்பதால் சட்டம் உயிரோடு இருந்தது என்று ஆகாது. மூச்சு நின்ற பிறகு டாக்டர் எப்போது கையெழுத்துப் போட்டால் என்ன?

சுவோன் சுப்பு:
கையெழுத்துப் போடும் வரை சம்பளம் ஓடும் தம்பி. மனிதவளத் துறையைக் கேட்டுப் பாருங்கள்.

மட்டுறுத்துநர்:
நேரக் கணக்கு போதும். ரவி கேட்ட வேலைத்தல மாற்றத்தைப் பற்றி யாருக்காவது தெரிந்தால் எழுதலாம்.

தேஜோன் கதிர்:
எழுதலாம். முதலில் சுப்பு என்னை யூன் ஆள் என்றதைத் திரும்பப் பெறட்டும்.

சுவோன் சுப்பு:
முதலில் அரங்க வாடகைப் பங்கு வரட்டும். கயா, அந்த மீனை விட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள், உங்களுக்கு நாளைக்குத் தனியாக இருக்கிறது.